ஓரம் கறுத்த புத்தகங்கள்

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடவும், மாவு டப்பாவில் சீட்டு ஒட்டவும்தான் பேனா பிடித்திருக்கிறேன். ஞாபகமும் முன்போல இல்லை. முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். எங்கள் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு டீச்சர்தான் ஒரு நோட்டைக் கையில் திணித்து, "நீங்க பார்த்ததை நீங்கதான் எழுதணும் ஆயாம்மா. நான் எழுதினா அது ரிப்போர்ட் ஆயிடும்" என்றார். அதனால் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆயாம்மா. பெருக்குவது, மணி அடிப்பது, குடிதண்ணீர் பிடித்து வைப்பது, வாந்தி எடுத்த பிள்ளையைக் கழுவித் துடைத்து வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் என் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஹெச்.எம். அம்மா என் குரலைக் கேட்டதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பீரியடு தேறாது. எனக்குக் கூச்சம். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் விளக்குமாற்றோடு அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு புத்தகத்தைப் பிள்ளைகள் படித்தார்களா, சும்மா வைத்திருந்தார்களா என்பதை நான் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஹெச்.எம். அம்மா அறையில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. நிறையப் புத்தகம், நல்ல பூட்டு. ஆழ்வார்பேட்டையிலும் அடையாறிலும் பெரிய வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு போன பிறகு, அவர்களுடைய சின்ன வயதுப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் காரில் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கி அடுக்கிப் பூட்டுவோம். வருடத்துக்கு ஒரு தரம் எண்ணிப் பார்ப்போம். எண்ணிக்கை சரியாக இருக்கும். எப்படிக் குறையும்? யாருமே தொடவில்லையே.

ஹெச்.எம். அம்மா கெட்டவர் இல்லை. ஒரு புத்தகம் தொலைந்தால் நாலு இடத்தில் பதில் எழுத வேண்டியவர் அவர். அந்தப் பயம்தான்.

போன வருடம் மூன்றாம் வகுப்புக்கு இந்த டீச்சர் மாற்றலாகி வந்தார். வந்த மாதமே ஹெச்.எம். அறைக்குப் போய், பீரோவை என் வகுப்புக்குக் கொடுங்கள் என்று கேட்டார். நான் அப்போது அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இங்க இருந்தா பத்திரமா இருக்கும்மா. அங்க வந்தா ஒரே மாசத்துல கிழிச்சு ராக்கெட் விட்டுடுவாங்க" என்றார் ஹெச்.எம். அம்மா.

"விடட்டும் மேடம். இப்போ அதைக் கரப்பான்பூச்சிதான் படிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஹெச்.எம். அம்மா என்னையும் பார்த்தார், டீச்சரையும் பார்த்தார். பிறகு, "சரி. ஆனா ஒண்ணு. மாசி மாசம் உன் கிளாசுக்குப் பாடம் போட்டுக் காட்டப் பெரிய ஸ்க்ரீன் வருது. பீரோ வைக்கிற அதே மூலைலதான் மாட்டணும்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள பசங்க நிஜமாவே படிக்கிறாங்கன்னு எனக்குக் காட்டு. இல்லேன்னா பீரோ திரும்ப என் ரூமுக்கு வந்துடும்" என்றார்.

டீச்சர் அன்றைக்கே ஒரு ஆளை அழைத்துவந்து பீரோவைத் தன் வகுப்பு மூலைக்கு நகர்த்தி, அதன் இரண்டு கதவுகளையும் கழற்றிவிட்டார். கதவு இருந்தால்தானே பூட்டுவார்கள் என்று என்னிடம் மட்டும் சொன்னார். ஹெச்.எம். அம்மாவுக்கு முகம் மாறியது. "கதவை எங்கேயாவது தூக்கிப் போட்டுடாதே ஆயாம்மா, திரும்ப மாட்டணும்" என்றார். நான் கோணிப்பை சுற்றி, படிக்கட்டுக்குக் கீழே, விளக்குமாறு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன். தினமும் விளக்குமாறு எடுக்கும்போதெல்லாம் அந்த இரண்டு கதவும் கண்ணில் படும். மாசி மாசம், மாசி மாசம் என்று சொல்வதுபோல இருக்கும்.

ஒரு பதிவு நோட்டும் வைத்தார்கள். புத்தகம் எடுக்கிற பிள்ளை அதில் பெயர், தேதி, புத்தகத்தின் பெயர் மூன்றும் எழுத வேண்டும்.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு நான் பெருக்கித் துடைத்துவிட்டு, தரை காய்கிற வரைக்கும் பீரோ பக்கத்தில் உட்காருவேன். ஒவ்வொரு புத்தகமாகத் தூசி தட்டி வைப்பேன். அப்போதுதான் கவனித்தேன். பிள்ளைகள் படிக்கிற புத்தகத்துக்கு ஓரம் கறுக்கும். மூடி வைத்து, பக்கங்களின் ஓரத்தைப் பார்த்தால் பெருவிரல் பட்ட இடம் தெரியும். எந்தப் பக்கத்தில் அதிக நேரம் நின்றார்கள் என்பதுகூடத் தெரியும். அங்கே முறுக்கு எண்ணெயும் சேர்ந்து தடித்திருக்கும். படிக்காத புத்தகத்தின் ஓரம் வெள்ளையாக, கத்தி மாதிரி இருக்கும்.

இரண்டு மாதம் ஆகியும் எல்லா ஓரமும் வெள்ளை. ஒன்றே ஒன்று மட்டும் கறுத்திருந்தது. அது கதைப் புத்தகமே இல்லை. மீன் கண்காட்சி எதிலோ கொடுத்த மெல்லிய புத்தகம். பழைய பேப்பரோடு கலந்து வந்திருக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு மீன் படம், கீழே பெயர், அவ்வளவுதான். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகள். மதியச் சாப்பாடு ஆனதும் அந்தப் புத்தகத்தைச் சுற்றி ஏழெட்டுத் தலை முட்டிக்கொண்டு நிற்கும்.

"இத்தப் போயி வெள்ள வவ்வாலுன்னு போட்டுக்கீறான் பாரு. வாலப் பாருடி, இது கறுப்பு வவ்வா."

"படத்துல வெள்ளையா கீதே?"

"போட்டோ எடுத்தவன் பவுடர் அட்சிக்கிறான்."

அப்படி வழக்காடிய பெண்ணுக்கு எட்டு வயது. அவளுடைய அம்மா கடற்கரைச் சாலையில் மீன் விற்கிறவர். அந்தப் பெண்தான் இந்தக் கதையில் எனக்குப் பாதி பாடம் கற்றுக்கொடுத்தவள். அட்டை கிழிந்த மீன் புத்தகத்தை மைதா பசையால் நாலு தரம் ஒட்டியிருப்பேன். கதைப் புத்தகம் இல்லை என்று யாராவது எடுத்துப் போட்டுவிடுவார்களோ என்று அடுக்கின் அடியில் வைப்பேன். அடியில் வைத்தாலும் மறுநாள் அது மேலே வந்துவிடும்.

மற்ற புத்தகங்களையும் நான் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். எனக்கு மெதுவாகத்தான் படிக்க வரும், உதடும் அசையும். ஆனால் படம் பார்க்க எழுத்து வேண்டாமே. எல்லா வீட்டிலும் தோட்டம் இருந்தது. எல்லா அப்பாவும் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். நல்ல பையன் சிவப்பாக, படிய வாரிய தலையோடு இருந்தான்; பொல்லாத பையன் கறுப்பாக, சட்டைக்குப் பொத்தான் இல்லாமல் இருந்தான். மீன்காரி வந்தால் சண்டை போடத்தான் வந்தாள். ஒரே ஒரு புத்தகத்தில் பள்ளிக்கூடத்து ஆயா இருந்தாள். அவளும் முதுகைக் காட்டிக்கொண்டு பெருக்கினாள். முகம் வரையவில்லை.

இதை டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். வாய் வராது. அதற்குள் நான் ஒரு பெரிய தப்பைச் செய்துவிட்டேன்.

டீச்சர் தன் தங்கை கல்யாணத்துக்காக ஒரு வாரம் லீவு போட்டிருந்தார். அந்த வாரம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. கதவில்லாத பீரோவில் அட்டை மங்கிய பழைய புத்தகங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. டீச்சருக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது என்று எனக்குப் பட்டது. என் மருமகள் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். புடவைக் கட்டுப் பிரிக்கிற பழுப்புத் தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். வெள்ளிக்கிழமை புத்தகங்களை எல்லாம் நாலு பெரிய பையில் போட்டு ஆட்டோவில் வீட்டுக்கு எடுத்துப் போனேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானும் மருமகளும் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பழுப்பு அட்டை போட்டோம். மூலை மடித்து, பசை தடவி, ஒரே அளவில் வெள்ளைச் சீட்டு ஒட்டி, நம்பர் எழுதினேன். நம் ஊரில் புத்தகத்துக்குச் செய்கிற மரியாதை அதுதானே. ஜூன் மாதம் பிள்ளை வீட்டுக்குப் புத்தகம் கொண்டுவந்தால் முதலில் அட்டை போட்டுவிட்டுத்தானே திறக்கிறோம்.

ஆய்வுக்கு வந்தவர் பீரோ முன்னால் நின்று, "பிரமாதமா மெயின்டெயின் பண்றீங்க" என்றார். ஹெச்.எம். அம்மா என் தோளைத் தொட்டார். அன்றைக்கு நான் தரையிலேயே நடக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு பிள்ளைகூட பீரோ பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் மீன்காரம்மா மகள் வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா ஆயாம்மா, எல்லாத்துக்கும் யூனிபாரம் மாட்டிவுட்டுக்கீறீங்க? மீன் பொஸ்தகம் எது?"

எனக்குச் சுருக்கென்றது. எல்லாப் புத்தகத்தின் முகத்தையும் நானே மூடி வைத்திருக்கிறேன்.

டீச்சர் லீவு முடிந்து வந்தார். பீரோவிலிருந்து ஒன்றை எடுத்து அட்டையின் மடிப்பைத் தடவிப் பார்த்தார். திட்டவில்லை. "எவ்வளவு அழகா போட்டிருக்கீங்க ஆயாம்மா" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா பசங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டார்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "நான் கண்டுபிடிப்பேன் டீச்சர்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு அடுக்குகளின் ஓரத்தில் விரலை ஓட்டினேன். மூன்றாவது தட்டில் ஒன்றை உருவி எடுத்துக் கொடுத்தேன். டீச்சர் பழுப்பு அட்டையைத் திறந்தார். மீன் புத்தகம்.

"எப்படி?"

"இதுக்கு மட்டும்தான் ஓரம் கறுத்துத் தடிச்சிக்கீது. மிச்சம் எல்லாம் வெள்ள."

அப்படி ஆரம்பித்தவள்தான், தோட்டம், சோபா, பொத்தான் இல்லாத பையன், முதுகைக் காட்டுகிற ஆயா எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். டீச்சர் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பேரும் சேர்ந்து அட்டைகளைப் பிரித்தோம். இரண்டு நாள் போட்டதை ஒரு மணி நேரத்தில் பிரித்துவிட்டோம். கிழிந்த புத்தகம் கிழிந்தபடியே நின்றது. ஆனால் முகம் தெரிந்தது.

பள்ளியின் பழைய மாணவர்கள் புதுப் புத்தகம் வாங்கச் சொல்லி டீச்சரிடம் பணம் கொடுத்திருந்தார்கள். தை மாதத்தில் நந்தனத்து மைதானத்தில் வரிசையாகப் புத்தகக் கடை போடுவார்களே, அங்கே என்னையும் அழைத்துக்கொண்டு போனார். வருகைப் பதிவேட்டில் இருக்கிற முப்பத்தொரு பிள்ளைகளும் என் மனதுக்குள் வரிசையாக வந்தார்கள். குப்பத்துப் பிள்ளைகள், வீட்டு வேலை செய்கிற அம்மாக்களின் பிள்ளைகள், வீட்டில் உருது பேசுகிற இரண்டு பேர், காதுக்குப் பின்னால் மெஷின் வைத்திருக்கிற பையன். அப்புறம் ஆழ்வார்பேட்டை அடுக்குமாடி ஒன்றின் வாட்ச்மேன் மகள். அவர்கள் நேபாளத்துக்காரர்கள். வடக்கிலிருந்து யார் வந்தாலும் எங்கள் பிள்ளைகளுக்குச் சேட்டுதான்; பாவம், அவளையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டி, இதில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். ஒரு கடையில் அரை மணி நேரம் ஆகிவிட்டது. கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார்.

"யம்மா, நின்னுகினே எல்லாத்தையும் படிச்சிட்டா நான் இன்னாத்த விக்கிறது?"

"அவங்கதான்ணா எங்க செலக்ஷன் கமிட்டி" என்றார் டீச்சர்.

"அப்டியா? டேய், கமிட்டிக்கு ஒரு ஸ்டூலு போடுடா!"

எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் ஸ்டூல் வசதியாகத்தான் இருந்தது.

ஒரு புத்தகத்தில் கட்டை ஊன்றி நடக்கிற பையன் இருந்தான். ஆசையாக எடுத்துக் கொடுத்தேன். டீச்சர் படித்துவிட்டு, "இதுல எல்லாரும் அவனைப் பார்த்து உச்சுக் கொட்டறதுக்குத்தான் அவன் இருக்கான் ஆயாம்மா. அவன் ஒரு குறும்புகூடப் பண்ணலை" என்று திருப்பி வைத்தார். நான் மறுபடி தேடினேன். காதில் மெஷின் வைத்த ஒரு பெண் தன் பூனையைத் தொலைத்துவிட்டு ஊரெல்லாம் தேடுகிற கதை கிடைத்தது. மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூனையைப் பற்றித்தான் எல்லாம். அதை எடுத்துக்கொண்டோம். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மீன்காரி ஒருத்தி இருக்கிற கதையும், மலை ஊர்க் கதையும், நோன்புக் கஞ்சி வாங்கப் போகிற அண்ணன் தங்கச்சி கதையும் கிடைத்தன.

திங்கட்கிழமை நானே முன்னால் நின்று கொடுத்தேன். டீச்சர் தடுக்கவில்லை, நான் நாலு பேர் எதிரில் நிற்கிறேன் என்ற சந்தோஷத்தில் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். மீன்காரம்மா மகளுக்கு மீன்காரி கதை. வாட்ச்மேன் மகளுக்கு மலைக் கதை. மெஷின் வைத்த பையனுக்குப் பூனைக் கதை. எல்லோர் முகமும் மலரும் என்று பார்த்தேன். அந்தப் பையன் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

மீன்காரம்மா மகள், "எனக்கு அந்தப் பனி பொஸ்தகம் வேணும்" என்றாள். பழைய பெட்டியிலிருந்து வந்தது அது, பக்கமெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி.

"அது உனக்கு இல்லம்மா. இதான் உனக்கு" என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் அவள் அம்மா வியாபாரம் முடித்துவிட்டு, காலிக் கூடையோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார்.

"இன்னா ஆயாம்மா, எம் பொண்ணுக்கு மீன்காரி கதையா பாத்துக் குட்த்தியாமே?"

"நல்ல கதைம்மா அது. அந்த அம்மா ரொம்ப..."

"நல்லாத்தான் கீது. படிக்கச் சொல்லி நானும் கேட்டேன், வவுறு வலிக்கச் சிரிச்சேன். நான் அத்தச் சொல்லல. அவளா எடுத்தா அது வேற. அவ மூஞ்சப் பாத்து நீ ஏன் மீன எடுத்து வெக்கிற? மீனு எங்க வூட்லயே கீது. பொட்டியத் தொறந்தா மூஞ்சில அடிக்கிது. அவ பனியக் கேட்டுக்கீறா. அது உனக்கு இல்லன்னு சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன்."

"எத்தினி பேரு எங்கள அது உனக்கு இல்ல, இது உனக்கு இல்லன்னு சொல்லிக்கினு கீறாங்க. நீயுமா சொல்லுவ?"

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நான் நாலாவது படித்தபோது எங்கள் பள்ளியில் ஒரு படப் புத்தகம் இருந்தது. முன்பெஞ்சுப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பார்கள். எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிற வேலை என்னுடையது. தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் திறந்ததில்லை. அப்படி வளர்ந்த நானே ஒரு பிள்ளையின் கையைப் பார்த்து, இதுதான் உன் அளவு என்று வெட்டிக் கொடுத்திருக்கிறேன். பழுப்பு அட்டை போட்டதைவிட இது பெரிய தப்பு. அங்கே புத்தகத்துக்கு யூனிபாரம் மாட்டினேன். இங்கே பிள்ளைகளுக்கே மாட்டிவிட்டேன்.

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். "இனிமே யாரும் யாருக்கும் எடுத்துக் குடுக்கக் கூடாது டீச்சர். நானும் குடுக்கல, நீங்களும் குடுக்காதீங்க." டீச்சருக்கே உத்தரவு போட்டுவிட்டேனே என்று பிறகுதான் உறைத்தது. அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். மத்தியானம் பாய் விரித்து, பழையது புதியது எல்லாவற்றையும் முகம் மேலே தெரியும்படி பரப்பினோம். வேண்டியதை எடு, வேண்டாததை வை.

பனிப் புத்தகத்தை மீன்காரம்மா மகள் பாய்ந்து எடுத்தாள். வாட்ச்மேன் மகள் மீன் படப் புத்தகத்தை எடுத்தாள். மெஷின் வைத்த பையன் யானைமேல் ஏறின ராஜா கதையை எடுத்தான். பூனைக் கதையை வேறு மூன்று பேர் மாறி மாறிப் படித்துவிட்டு, அவனிடம் போய், "டேய், உன்து மெஷினக் காட்டுடா" என்று கேட்டார்கள். அவன் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, ராஜா மாதிரி ஒவ்வொருவருக்காகக் காட்டினான். அதற்கு அடுத்த வாரம் பூனைக் கதையை அவனே எடுத்தான். யாரும் அவனுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

எனக்கு ஒவ்வொரு சாயங்காலமும் ஓரம் பார்ப்பதே வேலையாகிவிட்டது. கறுத்துக்கொண்டே வந்தன. பனிக்கும் கறுத்தது, மீன்காரிக்கும் கறுத்தது. மாசி மாசமும் வந்தது.

ஸ்க்ரீன் மாட்டுகிறவர்கள் நாளைக்கு வருகிறார்கள் என்ற நிலையில், ஹெச்.எம். அம்மா வகுப்புக்கு வந்தார். மத்தியான நேரம், பிள்ளைகள் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். நேராகப் போய்ப் பதிவு நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"ஆறு மாசத்துல பதினோரு பேர்தான் எழுதியிருக்காங்க. நான் என்னத்தை வெச்சுப் படிச்சாங்கன்னு நம்பறது?"

டீச்சர் முகம் சிவந்தது. "மேடம், அவங்க இங்கேயே உட்கார்ந்து படிச்சிட்டு வெச்சுடறாங்க. நோட்டுல எழுதறதுக்கு..." என்று ஆரம்பித்தார். ஹெச்.எம். அம்மா நோட்டை மூடிவிட்டார். மூடிய சத்தம் எனக்குக் கதவு மாட்டுகிற சத்தம்போலக் கேட்டது.

"நோட்டப் பாக்காதீங்கம்மா. ஓரத்தப் பாருங்க."

சொன்னது நான்தான். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.  கூச்சம் கூச்சமாகவே இருந்தது, கை மட்டும் வேலை செய்தது. பீரோவிலிருந்து கை கொள்கிற அளவு புத்தகங்களை எடுத்து மேசையில் ஓரம் மேலே தெரியும்படி நிறுத்தினேன். "இது போன வருஷம் உங்க ரூம்ல இருந்தப்ப வெள்ளையா இருந்தது. இப்ப பாருங்க. இது தை மாசம் வாங்கினது, ஒன்றரை மாசம்தான் ஆவுது. இந்த எடத்துல பாருங்க, எண்ணெ. இந்தப் பக்கத்தத்தான் திருப்பித் திருப்பிப் படிச்சிக்கீறாங்க. நோட்டுல எழுதத் தெரியாத புள்ளகூட இதுல எழுதிக்கிதும்மா."

ஹெச்.எம். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெருவிரலால் ஓரங்களைத் தடவினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது புத்தகத்தைத் திறந்தவர் நிறுத்தினார்.

"இது யார் கிறுக்கினது?"

அந்த ஆயா முதுகைக் காட்டிப் பெருக்குகிற புத்தகம். அவள் முதுகு இருந்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் யாரோ பேனாவால் கண்ணாடி, மூக்குத்தி, கொண்டை, சிரிக்கிற வாய் எல்லாம் போட்டு ஒரு முகம் வரைந்திருந்தார்கள்.

ஒரு பையன் எழுந்து, "கிறுக்கல் இல்ல மிஸ். அது ஆயாம்மாவோட முன்பக்கம்" என்றான்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஹெச்.எம். அம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.  அப்போது ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த இரண்டு பேரின் குரல் கேட்டது. மீன்காரம்மா மகளும் வாட்ச்மேன் மகளும். நாங்கள் பேசியது எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை.

"பனின்னா எங்க ஐஸ் பொட்டில கீற மாதிரியா?"

"இல்ல. அது கல்லு மாதிரி இருக்கும். பனி பஞ்சு மாதிரி. எங்க தாத்தா வீட்டு மேல விழும். சத்தமே வராது."

"மீன் வாசன வருமா?"

"பனில எதுக்கு மீன் வாசன வரும்?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் பாத்த ஐஸ் எல்லாத்துலயும் மீனுதான் கீது."

வாட்ச்மேன் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தன் கையிலிருந்த படத்தைக் காட்டி, "இது இன்னா மீனு?" என்றாள். எங்கள் பிள்ளைகளோடு பேசிப் பேசி அவளுக்கும் இன்னா வந்துவிட்டது.

"வவ்வா. முள்ளு கம்மி. உங்கம்மாவ வாங்கி வறுக்கச் சொல்லு."

"எங்க பில்டிங்ல மீன் வறுத்தா செகரெட்டரி திட்டுவாரு."

"அப்ப எங்க வூட்டுக்கு வா. எங்கம்மா வறுக்கும். நீ பனிய சொல்லு."

ஹெச்.எம். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போது கேட்டார்.

"அந்தக் கதவு ரெண்டும் எங்க இருக்கு ஆயாம்மா?"

 "படிக்கட்டுக்குக் கீழதாம்மா. கோணி சுத்தி வெச்சிக்கீறேன்."

"எடுத்து வெளியே வை. சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வருவாரில்ல, அவர்கிட்டப் போட்டுடலாம். இடத்தை அடைச்சுண்டு கிடக்கு." வாசல் வரை போய்த் திரும்பினார். "ஸ்க்ரீனை ஜன்னல் பக்கத்துச் சுவர்ல மாட்டச் சொல்றேன். வெயில் அடிச்சா துணி கட்டிக்கோங்க. அப்புறம், முன்பக்கம் வரையறவங்க இனிமே பென்சில்ல வரையட்டும்."

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வேகமாக விடுவித்துக்கொண்டு கதவை எடுக்கப் போனேன். இவ்வளவு கனமான கதவு எப்படி அன்றைக்கு அவ்வளவு லேசாக வந்தது என்று தெரியவில்லை.

டீச்சர், இதைப் படிக்கும்போது சிலதைச் சரிபார்த்துவிடுங்கள். ஸ்க்ரீன் வந்தது மாசிதானா, பங்குனி பிறந்துவிட்டதா என்று ஹெச்.எம். அம்மாவிடம் கேளுங்கள். நோட்டில் எழுதியவர்கள் பதினோரு பேரா, பன்னிரண்டு பேரா என்று எண்ணிப் பாருங்கள். வவ்வால் மீனைப் பற்றி நான் எழுதியது தப்பாக இருந்தால் கடற்கரைச் சாலையில் அந்த அம்மாவைக் கேட்டுத் திருத்துங்கள். அவர் சொல்வதுதான் சரி. அவர் மகள் இப்போது நாலாம் வகுப்பில் இருக்கிறாள். யூனிபாரம் என்று அவள் சொன்னாளா, நானாகச் சேர்த்தேனா என்று அவளையே கேட்டுவிடுங்கள். ஓரம் கறுத்த விஷயத்தை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அது எனக்கு நன்றாகத் தெரியும்.